தாய்மார் யாரிடம் கதை சொல்கிறார்கள்? 'த ஜாய் லக் கிளப்' குறித்து ஓர் ஐயம்

கேள்வி

ஏமி டான் 1989-இல் வெளியிட்ட 'த ஜாய் லக் கிளப்' நாவலை இப்போதுதான் முதல் முறையாகப் படிக்கிறேன், பாதியைத் தாண்டிவிட்டேன். சீனாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடியேறிய தாய்மாரும், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அவர்களுடைய மகள்களும் மாறி மாறிப் பேசும் கதை என்று தெரிந்தே தொடங்கினேன். ஆயினும் யாருடைய மகள் யார் என்பது அடிக்கடி மறந்துபோய், பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டியிருக்கிறது.

அதையாவது சமாளித்துவிடலாம். பெரிய ஐயம் வேறு. தாய்மார் தம் வாழ்க்கையை 'நான்' என்று தன்மையில் சொல்கிறார்கள். லின்டோ தன் மகளை 'நீ' என்றே விளித்து, கொடுத்த வாக்கு என்பது உனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறாள். ஆனால் அடுத்து மகள்களின் அத்தியாயங்களுக்கு வந்தால், தாயின் இளமைக் கதையை முழுதாகக் கேட்டறிந்தவள் என்று சொல்லும்படி அவர்களில் ஒருத்தியும் தென்படவில்லை. அப்படியானால் இத்தனையும் யாருக்குச் சொல்லப்படுகிறது? இது நாவலின் அமைப்பில் உள்ள குறையா, அல்லது நான் எதையாவது தவறவிடுகிறேனா? முடிவை வெளிப்படுத்தாமல் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். நாவலில் மொத்தம் 16 கதைகள். நான்கு பகுதிகள், பகுதிக்கு நான்கு. முதலும் கடைசியும் தாய்மாருக்குரியவை, இடையில் உள்ள இரண்டும் மகள்களுக்குரியவை. ஆன்-மெய்யின் மகள் ரோஸ், லின்டோவின் மகள் வேவர்லி, யிங்-யிங்கின் மகள் லீனா. சுயுவானின் மகள் ஜிங்-மெய் மட்டும் நான்கு பகுதிகளிலும் பேசுகிறாள். ஏனெனில் கதை தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே சுயுவான் இறந்துவிடுகிறாள், தாய்மார் கூடி மாஜோங் என்ற சீனக் கட்டை விளையாட்டை ஆடும் மேசையின் கிழக்குப் பக்கத்தில் காலியான அவளது இடத்தில் மகள்தான் உட்காரவேண்டியிருக்கிறது. இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிவைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

உங்கள் பெரிய ஐயத்துக்கு வருகிறேன். அதை நான் குறையாகக் கருதவில்லை. லீனா பேசும் முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை பாருங்கள். யிங்-யிங்கை மணந்து அழைத்து வந்த அமெரிக்கக் கணவர், குடிவரவுத் தாள்களில் அவளுடைய சீனப் பெயரை அடித்துவிட்டு 'பெட்டி' என்று எழுதுகிறார். பிறந்த ஆண்டையும் 1914 என்பதற்குப் பதிலாக 1916 என்று தவறாகப் பதிகிறார். சீனர்களின் ஆண்டுக் கணக்கில் புலியாகப் பிறந்தவள், அந்தத் தாளோடு டிராகனாகிவிடுகிறாள். அவருக்குச் சீனத்தில் சில தொடர்களுக்கு மேல் தெரியாது. மனைவி சொல்ல வந்தது இதுதான் என்று தாமே முடிவுகட்டி, அவளுக்கும் சேர்த்துத் தாமே பேசிவிடுகிறார்.

பிறந்த ஆண் குழந்தை பிழைக்காமல் போனபின், மருத்துவமனைப் படுக்கையில் கிடந்து யிங்-யிங் சீனத்தில் அரற்றுகிறாள். முன்பொரு குழந்தையைத் தானே போக்கடித்ததன் பழி இது என்கிறாள். என்ன சொல்கிறாள் என்று தந்தை கேட்க, சிறுமியான லீனா, இன்னொரு குழந்தை பெறுவதைப் பற்றி நாம் எல்லோரும் நன்றாக யோசிக்கவேண்டும் என்று அம்மா சொல்வதாக மாற்றிச் சொல்கிறாள். தாயின் கதை மகளின் காதில் விழாமல் போகவில்லை, மொழியும் அவளுக்குப் புரிந்தது. விழுந்ததை அப்படியே எடுத்துச்சொல்லும் துணிவுதான் அந்த வயதில் அவளுக்கு இல்லை. தாய்மாரின் 'நான்' யாரையும் சென்றடையாமல் நிற்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி நாவலில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் 'யாரையும் சென்றடையாமல்' என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மகள்களின் அத்தியாயங்களில் தாய்மார் பேசும் ஆங்கிலம் உடைந்து, வினைமுற்றுகள் உதிர்ந்து, கேட்பவருக்குச் சற்று நகைப்பூட்டும்படி இருக்கிறது. அதே பெண்கள் தம் சொந்த அத்தியாயங்களில் தடங்கலே இல்லாமல், உவமைகள் தாமாக வந்து விழ, சரளமாகப் பேசுகிறார்கள். அவர்கள் மனத்துக்குள் சீனத்தில் ஓடுவதைத்தான் அங்கே நாம் படிக்கிறோம். இதை எழுதியவரே விளக்கியிருக்கிறார்: 1990-இல் வெளிவந்த 'மதர் டங்' என்ற கட்டுரையில், தம் தாயையே வாசகராகக் கற்பனை செய்துகொண்டு இந்தக் கதைகளை எழுதியதாகவும், படித்து முடித்த தாய் 'படிக்க எவ்வளவு எளிதாக இருக்கிறது' என்று தீர்ப்புச் சொன்னதாகவும் குறிப்பிடுகிறார். ஆகவே தாய்மாரின் பேச்சுக்கு, புத்தகத்துக்கு வெளியேயாவது, ஒரு தாயே செவியாக இருந்திருக்கிறார். அவர் சீனாவில் மூன்று மகள்களை விட்டுவந்தவர். 1987-இல் ஏமி டான் அவரோடு சீனா சென்று அந்தச் சகோதரிகளைச் சந்தித்தார்.

இந்த நாவலைக் கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. சீன அமெரிக்க எழுத்தாளரான பிராங்க் சின், சீன மரபையே திரித்து, வெள்ளையர் விரும்பும் சீனாவைப் படைத்துக் கொடுப்பதாகக் குற்றம் சாட்டினார். முற்றிலும் தள்ளிவிடக்கூடிய குற்றச்சாட்டு அல்ல அது. சீனாவில் நடக்கும் சில பகுதிகளில் விதியும் சகுனமும் தேவைக்கு மேல் மிதக்கின்றன என்பது என் எண்ணம். ஆனால் சமையலறைக் காட்சிகளில் அந்தக் குறை இல்லை. லின்டோ தன் சிறந்த பண்டத்தை மேசையில் வைத்து, உப்பே இல்லை, வாயில் வைக்க விளங்கவில்லை என்று தாழ்த்திச் சொல்கிறாள். விருந்தினர் ஒரு வாய் உண்டு, இதைவிடச் சுவையாக எதுவும் இருக்க முடியாது என்று மறுக்கவேண்டும் என்பதே அதன் பொருள். வேவர்லி மணக்கவிருக்கும் ரிச், அதை அப்படியே நம்பி, சோயா சாஸைத் தாராளமாக அதன்மேல் ஊற்றிவிடுகிறான். வேவர்லிக்கு உயிரே போகிறது. தாயின் பேச்சில் எது வெளியே, எது உள்ளே என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு நாவலை முடித்துவிட்டேன். இதுவரை படிக்காதவர்கள் இதற்கு மேல் தொடர வேண்டாம்.

சோயா சாஸ் காட்சியைவிட நண்டு விருந்துதான் எனக்கு விடையாக அமைந்தது. எல்லோரும் நல்ல நண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ள, கால் ஒடிந்த ஒன்றைத் தனக்கென்று எடுக்கப்போகிறாள் ஜிங்-மெய். சுயுவான் தடுத்து, நல்லதை மகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒடிந்ததைத் தான் வாங்கி முகர்ந்து பார்த்து, உண்ணாமலே அடுக்களைக்குக் கொண்டுபோய்விடுகிறாள். அதை எடுக்க உன்னைத் தவிர வேறு யாரும் கை நீட்டமாட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியும் என்று பிறகு அவள் சொல்லும் இடத்தில் சற்று நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். எந்தக் கதையும் சொல்லாமலே அந்தத் தாய் மகளை அறிந்து வைத்திருக்கிறாள். தாயைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று முதல் அத்தியாயத்தில் கேட்டு, தாயின் தோழியரான அத்தைமாரைத் திடுக்கிட வைத்தவள் அந்த மகள்தான்.

கடைசி அத்தியாயத்தில், குவாங்சோ விடுதி அறையில், குவெய்லினிலிருந்து தப்பி ஓடுகையில் சுயுவான் தன் இரட்டைக் குழந்தைகளைச் சாலையோரம் விட்டுவந்த கதையைத் தந்தை ஆங்கிலத்தில் தொடங்குகிறார். ஜிங்-மெய் இடைமறித்து, சீனத்திலேயே சொல்லுங்கள், எனக்குப் புரியும் என்கிறாள். அமைப்பைப் பற்றிய என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். ஆயினும் அந்தக் கதையைச் சொல்பவர் தாயல்ல, தந்தை என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. சுயுவானுக்கு ஓர் அத்தியாயம்கூடக் கொடுக்காதது சரியென்று நீங்கள் இருவரும் கருதுகிறீர்களா?