பெரியப்பாவின் வார மாத்திரை

[கீழத்தெரு குடும்பம், பாளையங்கோட்டை]

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். முழங்கையிலும் முதுகிலும் உள்ள சொரியாசிஸ் வெட்பாலைத் தைலத்துக்குக் கேட்காததால், தோல் மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பெட்டிக்குள் இருந்த தாளில் அது புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்து என்று அச்சிட்டிருக்கிறது. என்னிடம் எதையாவது மறைக்கிறீர்களா?

அத்தை: அண்ணாச்சி, அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அழித்துவிடுமாம். சாப்பிட வேண்டாம்.

செல்வி: பெரியப்பா, யாரும் எதையும் மறைக்கவில்லை. எங்கள் மருந்துக் கடையில் வாரம் ஒருவராவது இதே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்கிறார். புற்றுநோய்க்கு இதைப் பல மடங்கு அதிகமாகக் கொடுத்து, செல்கள் பெருகுவதையே தடுக்கிறார்கள். சொரியாசிஸுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். அந்தச் சிறிய அளவில் செல்களுக்கு வெளியே அடினோசின் என்ற பொருள் கூடி, கிளர்ந்து நிற்கும் டி செல்களை, அதாவது எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த ஒருவகை வெள்ளை அணுக்களை, அமர்த்துகிறது என்பதே பெரும்பாலும் ஏற்கப்பட்ட விளக்கம்.

செல்வி: அத்தை, இந்த நோயில் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோகவில்லை, தேவையில்லாத இடத்தில் சண்டை போடுகிறது. தோலில் உள்ள சில செல்கள் இன்டர்லூகின் 23 என்ற புரதத்தைச் சுரந்து தூண்டிவிட, டி செல்களில் ஒரு பிரிவு இன்டர்லூகின் 17 என்பதைச் சுரக்க, ஒரு மாதம் எடுத்து மேலே வர வேண்டிய தோல் செல்கள் நாலைந்து நாளில் முதிராமலே வந்து செதிலாகக் குவிகின்றன. மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி சிறிதும் குறையாது என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் இரத்த அணுக்களையும் ஈரலையும் அவ்வப்போது பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

அத்தான்: என் அலுவலக நண்பருக்கு ஊசிதான் போடுகிறார்கள். அதையே கேட்கலாமே?

செல்வி: கேட்கலாம் அத்தான், ஆனால் விலை கையைக் கடிக்கும். செகுகினுமாப் ஊசி இன்டர்லூகின் 17 வகையில் ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்துகிறது. பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் இடோலிசுமாப், 2013இல் நம் நாட்டில் அனுமதி பெற்றது. அது டி செல்லின் மேலுள்ள சிடி6 என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு, அந்தச் செல் தூண்டப்படுவதைத் தணிக்கிறது. இத்தகைய ஊசிகளுக்கு முன் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்றும் பார்ப்பார்கள். உறங்கும் கிருமியை அடக்கி வைத்திருப்பதும் இதே எதிர்ப்புச் செல்கள்தான்.

பெரியம்மை: செல்வி, மற்ற மாத்திரைகளோடு இதையும் ஏழு நாள் டப்பாவில் நாளுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்துவிட்டேனே!

செல்வி: பெரியம்மை, உடனே எடுத்துவிடுங்கள்! இது வாரத்தில் ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உருவாக்குவதே நின்று, உயிருக்கே ஆபத்தாகும். பெரியப்பா இதுவரை எத்தனை சாப்பிட்டார்?

பெரியப்பா: ஒன்றுகூட இல்லை. பயந்துபோய்த்தான் உங்களிடம் கேட்டேன்.

செல்வி: நல்லவேளை. வாயில் புண்ணோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போங்கள். கடையில் நீங்களாக எதுவும் வாங்காதீர்கள். குறிப்பாகக் கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை இதனோடு சேரவே கூடாது.

பெரியம்மை: எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சீட்டில் எழுதியபடி ஞாயிற்றுக்கிழமை அறையில் மட்டும் இது இருக்கிறது. கூட எழுதிக் கொடுத்த ஃபோலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரை திங்கட்கிழமையில் இருக்கிறது. படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்.