ரெவிட்: ராம்ப்பின் பக்கச் சுவர்கள் சரிவோடு சேர்ந்து இறங்க என்ன வழி?

மூலைமட்டம்

பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கு இறங்கும் ராம்ப்பை ரெவிட் 2023 என்ற கட்டட மாடலிங் மென்பொருளில் மாடல் செய்து கொண்டிருக்கிறேன். இரண்டு பகுதிகள்.

முதலாவது நேர் ராம்ப். 3000 மி.மீ. இறக்கம். மேலே 3 மீ. நீளத்துக்கு 1:16 (16 மீ. நீளத்துக்கு 1 மீ. இறக்கம்), நடுவில் 21 மீ. நீளத்துக்கு 1:8, கீழே மறுபடி 3 மீ. நீளத்துக்கு 1:16.

இரண்டாவது அரைவட்டம். இன்னொரு 3000 இறக்கம். உள் ஆரம் 6 மீ., வெளி ஆரம் 10 மீ.

இருபுறமும் 200 மி.மீ. கான்கிரீட் சுவர். எந்த இடத்தில் அளந்தாலும் சுவரின் தலை ராம்ப் பரப்புக்கு மேல் 1000 மி.மீ. இருக்க வேண்டும்.

ராம்ப் கருவியில் போட்டேன். சுவருக்கு அட்டாச் டாப் (சுவரின் தலையை இன்னொரு பொருளோடு ஒட்டும் கட்டளை) கொடுத்தால் ராம்ப்பை எடுத்துக்கொள்ள மறுக்கிறது. கிராஸ் செக்‌ஷனை ஸ்லான்டட் என்று மாற்றினால் சுவர் பக்கவாட்டில் சாய்கிறது. நேர் சுவருக்கு எடிட் ப்ரொஃபைல் (சுவரின் முகப்பு வடிவத்தைக் கோடு வரைந்து மாற்றுவது) வேலை செய்கிறது, வளைந்த சுவருக்கு அந்த பட்டனே வரவில்லை. குவான்டிட்டி ஷெட்யூலில் (அளவுப் பட்டியலில்) இவை சுவராகவே வர வேண்டும் என்பது கட்டாயம். என்ன செய்யலாம்?

ரசமட்டம்

முதலில் ராம்ப் கருவியை விட்டுவிடுங்கள். அதற்கு லேயர் கிடையாது, ஒரே ஓட்டத்தில் மூன்று சரிவுகளைக் கொடுக்க முடியாது, சுவரும் அதோடு ஒட்டாது. கார் ராம்ப் என்றால் ஃப்ளோர் (தளம்) கருவிதான். ஸ்லான்டட், டேப்பர்டு இரண்டும் சுவரின் குறுக்குவெட்டை மாற்றுபவை, உங்கள் வேலைக்கு அவற்றால் பயனில்லை.

நேர் பகுதிக்கு: 27 மீ. நீளத்தில் தட்டையான ஒரு ஃப்ளோர் வரையுங்கள். ஸ்லோப் ஆரோ (சரிவைக் கொடுக்கும் அம்பு) வேண்டாம். ஆரோ போட்ட ஃப்ளோரில் ஷேப் எடிட்டிங் (புள்ளிகளின் மட்டத்தை மாற்றும் வசதி) வராது. மேல் முனையிலிருந்து 3 மீ., 24 மீ. தூரங்களில் குறுக்காக இரண்டு ஸ்ப்ளிட் லைன் (பரப்பைப் பிரிக்கும் கோடு) போடுங்கள், இரண்டும் விளிம்பிலிருந்து விளிம்பு வரை முழுதாகப் போக வேண்டும். பிறகு மாடிஃபை சப் எலிமென்ட்ஸில் வரிசையாக 0, -187.5, -2812.5, -3000 கொடுங்கள். யூனிட்டை முழு மில்லிமீட்டருக்கு வைத்திருந்தால் திரையில் 188 என்று தெரியும், உள்ளே 187.5 அப்படியே இருக்கும்.

இப்போது சுவரின் தலை. அதை ஒட்ட மேலே ஒரு போலி ஃப்ளோர் வேண்டும். அந்த ஃப்ளோரை காப்பி செய்து அதே இடத்தில் பேஸ்ட் அலைன்டு கொடுங்கள். அதற்கு 50 மி.மீ. கனத்தில் தனியாக ஒரு டைப், பெயரிலேயே ‘டம்மி’ என்று இருக்கட்டும். அட்டாச் டாப் கொடுத்தால் சுவர் ஃப்ளோரின் அடிப்பரப்பில்தான் போய் முட்டும், ஆனால் ஹைட் ஆஃப்செட் (லெவலிலிருந்து எவ்வளவு உயரம் என்பது) மேற்பரப்புக்குக் கணக்கு. அதனால் 1000 அல்ல, 1050 கொடுக்க வேண்டும். 1:8 சரிவில் 50 கனம் செங்குத்தாக 50.4 ஆகும். அந்த 0.4 மி.மீ. பற்றி எந்த சைட்டிலும் யாரும் கவலைப்படப் போவதில்லை.

டம்மியின் ஸ்கெட்சை இருபுறமும் 300 வெளியே இழுங்கள், சுவரின் 200 கனமும் அதன் அடியில் முழுதாக வர வேண்டும். டம்மி மூடாத இடத்தில் சுவர் தன் பழைய உயரத்துக்கே எழும்பி நிற்கும். ராம்ப் முனைகளில் பல் மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

பலரும் சிக்கும் இடம் இன்னொன்று உண்டு. டம்மி டைப்பில் லேயருக்கு வேரியபிள் (கனம் மாறலாம்) டிக் இருந்தால் மேற்பரப்பு மட்டும் சரியும், அடிப்பரப்பு தட்டையாகவே நிற்கும். சுவர் ஒட்டுவது அடிப்பரப்பில் என்பதால் தலை சரியவே சரியாது. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் டம்மியை அழிக்கக் கூடாது. அழித்தால் ஒட்டு விட்டு சுவர் பழையபடி நிமிர்ந்துவிடும். தனி ஒர்க்செட்டில் (பொருள்களைப் பிரித்து வைக்கும் தொகுப்பில்) போட்டு, எல்லா வியூவிலும் தெரிய வேண்டாம் என்று வைத்தால் போதும். ஃப்ளோர் ஷெட்யூலில் டைப் பெயரை வைத்து ஃபில்டரும் போடுங்கள், இல்லாவிட்டால் கான்கிரீட் கணக்கில் ஒரு ஸ்லாப் கூடுதலாக ஏறிவிடும்.

தூக்குக்குண்டு

ரசமட்டம் சொன்னது சரி. சரிவு ஒன்றே ஒன்று, சுவர் இரண்டே இரண்டு என்றால் டம்மி ஃப்ளோர்கூடத் தேவையில்லை. செக்‌ஷன் வியூவில் சரிவாக ஒரு ரெஃபரன்ஸ் பிளேன் (வழிகாட்டிப் பரப்பு) வரைந்து, பெயர் வைத்து, சுவரை அதோடு அட்டாச் செய்யலாம். எடிட் ப்ரொஃபைலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ராம்ப் சரிவை ஒருமுறை மாற்றினால் ஒவ்வொரு சுவரையும் திறந்து கோட்டை நகர்த்த வேண்டும், ஏதாவது ஒன்று கட்டாயம் விட்டுப்போகும்.

வளைவுப் பகுதியில் முதலில் ஒரு கணக்கு. நடுக்கோட்டு ஆரம் 8 மீ., அரைவட்ட நீளம் 25.13 மீ., சரிவு ஏறக்குறைய 1:8.4. ஆனால் உள் விளிம்பின் நீளம் 18.85 மீ.தான். அங்கே சரிவு 1:6.3. வெளி விளிம்பில் 31.42 மீ., 1:10.5. உள் சுவரும் வெளிச் சுவரும் ஒரே சரிவில் இறங்காது, ஒரே ஆரக்கோட்டில் மட்டும் ஒரே மட்டத்தில் இருக்கும். வரைபடத்தில் 1:8.4 என்று மட்டும் எழுதினால் உள் பக்கம் எவ்வளவு செங்குத்து என்பது யார் கண்ணுக்கும் படாது.

இதற்கும் தட்டையான ஃப்ளோர்தான். மையத்திலிருந்து 15 பாகைக்கு ஒரு ஆரக்கோடு. 12 துண்டு, துண்டுக்கு 250 மி.மீ. இறக்கம். ஒவ்வொரு ஸ்ப்ளிட் லைனையும் முழுக் கோடாகத் தேர்ந்தெடுத்து 0, -250, -500 என்று போங்கள். இரு முனையும் சேர்ந்தே இறங்கும், புள்ளி புள்ளியாகத் தட்ட வேண்டியதில்லை. ஃப்ளோரின் கர்வ்டு எட்ஜ் கண்டிஷனை கன்ஃபார்ம் டு கர்வ் என்று வையுங்கள். இதே ஃப்ளோரை காப்பி செய்து 1050 உயர்த்தினால் வளைந்த சுவர் அதோடு ஒட்டிக்கொள்ளும். வளைந்த சுவருக்கு ப்ரொஃபைல்தான் கிடையாது, அட்டாச் உண்டு.

ஒவ்வொரு துண்டுக்குள்ளும் குறுக்காக ஒரு கோடு தானாக விழும். அது பிழை அல்ல. இரண்டு ஆரக்கோடுகளும் வெவ்வேறு மட்டத்தில் இருப்பதால் அந்த நாற்கோணம் முறுக்கியிருக்கிறது. ரெவிட் அதை இரண்டு முக்கோணங்களாக மடிக்கிறது. மடிப்பு கண்ணை உறுத்தினால் 7.5 பாகைக்கு ஒரு கோடு, 24 துண்டு, துண்டுக்கு 125. அதற்கு மேல் நுணுக்குவது வீண். சைட்டில் ஆரக்கோட்டுக்கு ஆரக்கோடு மட்டம் குறித்து, இடையில் நூல் பிடித்துத்தான் சென்ட்ரிங் (கான்கிரீட் அச்சு) அடிப்பார்கள். 15 பாகைப் புள்ளிகள் 13-க்கும் மட்ட அட்டவணை ஒன்றைப் போட்டு ஷீட்டில் வைத்தால் மேஸ்திரிக்கு அதுதான் உதவும்.

கோல்மட்டம்

ரெயிலிங் வழியையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். 200 × 1000 செவ்வக ப்ரொஃபைலை ரெயிலாகப் போட்டு, பலஸ்டர், போஸ்ட், டாப் ரெயில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ராம்ப் கருவியில் வரைந்த வளைவு ராம்ப்பை ஹோஸ்டாகக் கொடுத்தால் மடிப்பே இல்லாமல் வழவழவென்று இறங்கும். பார்க்க இதுதான் அழகு. ஆனால் அது ரெயிலிங் வகை. சுவர் ஷெட்யூலில் வராது, மற்ற சுவர்களோடு ஜாயின் ஆகாது. உங்கள் நிபந்தனைப்படி இது கழிகிறது. ரெண்டர் படத்துக்கு மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

இன்-பிளேஸில் (மாடலுக்குள்ளேயே நேராக உருவாக்கும் பொருளில்) வால் வகையைத் தேர்ந்து, ராம்ப் விளிம்பை பிக் 3டி எட்ஜஸில் எடுத்து ஸ்வீப் (ஒரு ப்ரொஃபைலைப் பாதை வழியே இழுத்து உருவாக்குவது) போடுபவர்களும் உண்டு. ஸ்வீப்பின் ப்ரொஃபைல் பாதைக்குச் செங்குத்தாக நிற்கும், பூமிக்கு அல்ல. 1:8-இல் 1000 உயரச் சுவரின் முனை 124 மி.மீ. சாய்ந்து நிற்கும், செங்குத்து உயரமும் 1008 ஆகிவிடும். முனைகளில் வாய்டு (வெட்டி எடுக்கும் வடிவம்) போட்டு வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும்.

மூலைமட்டம்

நேர் பகுதி வந்துவிட்டது. வேரியபிள் டிக்தான் தடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு சந்தேகங்கள். சுவரின் அடியும் சரிய வேண்டுமா? தலையில் 100 மி.மீ. கோப்பிங் (சுவர்த் தலையின் மூடி) போக வேண்டும், வால் ஸ்வீப் கொடுத்தால் சரிவில் போகவில்லை.

ரசமட்டம்

அடியைச் சரிய விடாதீர்கள். அஸ்திவாரம் படிப்படியாகத்தான் இறங்கும். ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் படி எங்கே இருக்கிறதோ அங்கே சுவரை ஸ்ப்ளிட் செய்து, துண்டுக்குத் துண்டு பேஸ் ஆஃப்செட் கொடுங்கள். 1:8 பகுதியில் 6 மீ. துண்டு என்றால் படி 750. ஸ்ப்ளிட் செய்த பிறகு ஒவ்வொரு துண்டும் இன்னும் டம்மியோடு ஒட்டியிருக்கிறதா என்று 3டியில் ஒருமுறை பாருங்கள்.

வால் ஸ்வீப் கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ மட்டுமே ஓடும். கோப்பிங்குக்கு கோல்மட்டம் சொன்ன இன்-பிளேஸ் ஸ்வீப் சரிப்படும். 100 கனத்துக்கு முனைச் சாய்வு 12 மி.மீ.தான். சுவர்த் தலையின் விளிம்பை எடுக்கும்போது 3 மீ., 24 மீ. முறிவுகளையும் சேர்த்து மூன்று துண்டையும் ஒரே பாதையாக எடுங்கள். ஒரு விஷயம், கோப்பிங்கைச் சேர்த்துத்தான் 1000 என்றால் டம்மி ஆஃப்செட்டை 950 ஆக்க வேண்டும்.

முடித்ததும் சுவர்த் தலையில் ஸ்பாட் எலிவேஷன் (மட்டம் காட்டும் குறி) வைத்துப் பாருங்கள். கோப்பிங் இல்லாத நிலையில் 0, 3, 24, 27 மீட்டர்களில் +1000, +812.5, -1812.5, -2000 வர வேண்டும். நாலும் சேர்ந்து 50 குறைந்தால் டம்மி கனத்தைக் கூட்ட மறந்திருக்கிறீர்கள். நடு இரண்டு மட்டும் தப்பினால் ஸ்ப்ளிட் லைன் இடம் மாறியிருக்கிறது.