மறு: ‘டைப்’ என்பதற்கு வகைமாதிரி போதுமா?

ஐயா, வணக்கம். ஓர் உயிரினத்துக்குப் பெயர் சூட்டும்போது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்படுவதுதான் டைப் (type). பெயரிட்டவரே ஒன்றை மட்டும் அப்படிக் குறித்தால் அது ஹோலோடைப். அதைப் பற்றி நீங்கள் எழுதியது:

> ஹோலோடைப் = முதன்மை வகைமாதிரி. பலருக்கும் பழகிய சொல். மாற்றத் தேவையில்லை.

‘மாதிரி’தான் எனக்கு உறுத்துகிறது. மாதிரி என்றால், அந்த இனத்தில் எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்று மாணவர் எடுத்துக்கொள்வார். டைப் அதற்காக வைக்கப்படுவதில்லை. அது குட்டியாகவோ, உடைந்த ஒரு மண்டையோடாகவோ, இனத்தின் மற்ற உயிர்களைப் போல இல்லாத ஒன்றாகவோகூட இருக்கலாம். ஓர் இனத்தை இரண்டாகப் பிரிக்க நேர்ந்தால், பழைய பெயர் எந்தப் பாதிக்கு என்ற வழக்கு வரும். டைப் எந்தப் பக்கம் விழுகிறதோ, பெயரும் அந்தப் பக்கம். அவ்வளவுதான் அதன் வேலை.

யானையையே பாருங்கள். ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் ஆசிய யானைக்கு ‘எலிஃபஸ் மேக்சிமஸ்’ என்று பெயரிட்டு, இலங்கையின் சதுப்பு நிலங்களில் வாழ்வது என்று குறித்தார். அவர் ஆதாரமாகக் கொண்டவற்றில் ஆல்பர்ட்டஸ் சேபா என்ற சேகரிப்பாளரிடமிருந்த ஒரு யானைக் கருவும் உண்டு. சாராயத்தில் ஊறியபடி இன்றும் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அதன் புரதத்தையும் மரபணுவையும் ஆராய்ந்தவர்கள் 2013இல் சொன்னது: அது ஆப்பிரிக்க யானை! அதையே டைப்பாக நிலைநிறுத்தியிருந்தால் நம் யானை தன் பெயரை ஆப்பிரிக்க யானையிடம் பறிகொடுத்திருக்கும். நல்லவேளை, லின்னேயஸ் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரேயின் குறிப்பையும் சுட்டியிருந்தார். ரே நேரில் பார்த்து எழுதிய எலும்புக்கூடு ஃபுளோரன்ஸில் இருக்கிறது, அசல் ஆசிய யானை. அதை லெக்டோடைப்பாக (மூல ஆதாரங்களிலிருந்து பின்னால் தேர்ந்தெடுக்கும் ஒரே டைப்பாக) அறிவித்துச் சிக்கலை அவிழ்த்தார்கள். இந்தக் கதையைத் தமிழில் எழுதும்போது அந்தக் கருவை ‘ஆசிய யானையின் வகைமாதிரிகளுள் ஒன்று’ என்று எப்படி எழுதுவது?

செடிகளில் இன்னொரு தொல்லை. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்த, மலபார்ச் செடிகளைப் பற்றிய ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலின் படங்களே லின்னேயஸ் சூட்டிய சில பெயர்களுக்கு டைப். உலர்செடி இல்லை, படம்தான். ஆகவே ‘மூல உடல்’, ‘மூலச் செடி’ போன்றவையும் ஒத்துவரா.

என் பரிந்துரை: பெயர்தாங்கி. சுமைதாங்கி, இடிதாங்கி போல.

ஹோலோடைப்: தனிப்பெயர்தாங்கி
சின்டைப் (ஒன்றைத் தனியே குறிக்காதபோது சேர்ந்தே டைப்பாக நிற்பவை): கூட்டுப்பெயர்தாங்கி
லெக்டோடைப்: தேர்பெயர்தாங்கி
நியோடைப் (பழைய டைப் தொலைந்தால் புதிதாக அமர்த்துவது): புதுப்பெயர்தாங்கி

ஹோலோடைப்போடு சேர்த்துக் குறிக்கும் மற்ற படியான பாராடைப்பை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அது பெயரைத் தாங்குவதில்லை, ‘துணைப்படி’ போதும்.

---

> என் பரிந்துரை: பெயர்தாங்கி.

அண்ணா, கருத்து சரி, சொல் இடிக்கிறது. எங்கள் பக்கம் ‘பெயர்தாங்கி முஸ்லிம்’ என்றால் பேருக்கு மட்டும் முஸ்லிம் என்று பொருள். வசைச்சொல். அருங்காட்சியகத்தில் போற்றிக் காக்கும் பொருளுக்கு இதையா வைப்பது? ‘பெயர்ச்சான்று’ என்றால் என்ன?

(இலங்கையில் சாதி, இனம் என்று படித்தவள் நான். நீங்கள் பேரினம், சிற்றினம் என்கிறீர்கள். இந்தச் சொல்லிலாவது இரு கரைக்கும் ஒன்றே அமையட்டும்.)

---

தங்கைக்கு,

பெயர்ச்சான்று என்றதும் தாசில்தார் அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கள ஆய்வில் பார்த்த உயிரினத்துக்கு ஆதாரமாக எடுத்துவைக்கும் வௌச்சர் என்று ஒன்று உண்டே, ‘சான்று’ அதற்குத்தான் இயல்பாகப் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் ஆய்வேடுகளில் குழப்பம்தான்.

வசைப்பொருள் நான் யோசிக்காத கோணம். ஆனாலும் அந்த வழக்கு எனக்கே சாதகம் என்பேன். இனத்தின் குணம் இருக்கிறதோ இல்லையோ, பெயரை மட்டும் சுமப்பதுதானே இங்கும்? வசை ஆளைச் சேரும், கண்ணாடிக் குப்பியில் இருக்கும் தவளையை அல்ல.

தாவரவியலார் யாராவது ஐசோடைப்புக்கு ஒரு சொல் தாருங்கள். ஒரே சேகரிப்பில் எடுத்து வெவ்வேறு உலர்தாவரகங்களுக்கு அனுப்பும் இரட்டைப் படி அது. ‘இணைப்படி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே நிறைவில்லை.