மாட்டுக்கு ஆங்கிலப் பெயர், இறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயர்: நார்மானியர்தான் காரணமா?

மருதன்:
ஆங்கிலத்தில் உயிருள்ள மாட்டுக்குக் கௌ, செம்மறிக்கு ஷீப், பன்றிக்கு ஸ்வைன் என்று பழைய பெயர்கள் இருக்க, இறைச்சிக்கு மட்டும் பீஃப், மட்டன், போர்க் என்று பிரெஞ்சிலிருந்து வந்த பெயர்கள் வழங்குகின்றன. வடபிரான்சிலிருந்து வந்து 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. மேய்த்தவன் ஆங்கிலேயன், உண்டவன் பிரெஞ்சு பேசிய பிரபு.

இளவேனில்:
இவ்விளக்கம் பெரிதும் பரவியது, 1819இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவலில் விதூஷகன் வாம்பா பன்றி மேய்ப்பவனிடம் பேசும் பேச்சால்தான். வெற்றிக்கு 545 ஆண்டுகளுக்குப் பின், 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தின் லேவியராகமத்தில், பலியிட வேண்டிய உயிருள்ள மாடுகளையே ‘பீவ்ஸ்’ என்று, அதாவது பீஃப் என்பதன் பன்மையால், குறித்திருக்கிறார்கள். பிரபுக்கள் ஆட்டுக்குட்டியையும் மீனையும் உண்ணாமலா இருந்தார்கள்? லாம்ப், ஃபிஷ் இரண்டும் பந்தியிலும் ஆங்கிலச் சொற்களாகவே நிற்கின்றனவே.

மருதன்:
விவிலியச் சான்றை ஏற்கிறேன். பிரிவு உடனே நிகழ்ந்துவிட்டது என்று நான் எண்ணியது பிழை. ஆனால் ஆட்சி செய்தவர்களின் மொழி என்ற காரணத்தை விட்டுவிட முடியாது. நீதிமன்றச் சொற்களைப் பாருங்கள்: ஜூரி என்பது சத்தியம் செய்தவர்களின் குழு, அடமானத்தைக் குறிக்கும் மார்ட்கேஜ் என்பது சொல்லுக்குச் சொல் ‘செத்த ஈடு’. அடுப்பு நெருப்பை மூடிவைக்கும் நேரத்தை அறிவித்த ‘நெருப்பை மூடு’ என்ற பிரெஞ்சுத் தொடரே கர்ஃப்யூ ஆயிற்று. கட்டளையிடும் இடத்தில் இருந்தவர்களின் சொற்கள் அல்லவா இவை?

இளவேனில்:
நீதிமன்றத்தைப் பொறுத்தவரை உங்களுடன் முழுதும் உடன்படுகிறேன். பிரெஞ்சு மக்களுக்கு விளங்கவில்லை என்று காரணம் காட்டி, வழக்குகள் ஆங்கிலத்தில் வாதாடப்பட வேண்டும் என 1362இல் சட்டமே இயற்றினார்கள். சமையலறையின் கதை வேறு. பிரான்சில் இன்றும் மாட்டுக்கும் அதன் இறைச்சிக்கும் ஒரே சொல்தான். ஆகவே இப்பிரிவை நார்மானியர் கொண்டுவந்திருக்க முடியாது. ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் நெடுங்காலம் அருகருகே புழங்கியபின், ஆங்கிலம் பேசியவர்களே அவற்றுக்குத் தனித்தனி வேலை பிரித்துக் கொடுத்தார்கள். கடன் வாங்கிய சொல்லை வாங்கியவர்கள் தம் தேவைக்கேற்ப வளைப்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டாம்: செம்மறியைக் குறித்த அந்தப் பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலத்தின் வழியாக நம் பிரியாணிக் கடைக்கு வந்து, வெள்ளாட்டுக் கறிக்கும் மட்டன் என்று பெயராகியிருக்கிறது.