விருந்தினர் வருமுன் விளக்குகளைக் கவனியுங்கள்: இருள்வானச் சுற்றுலா அனுபவப் பகிர்வு

விண்மீன் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினால் இருட்டு தானாகக் காப்பாற்றப்படும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. ஆள் வந்தால் தங்குமிடம் வரும். அதோடு வாசல் விளக்கு, பாதை விளக்கு, பெயர்ப்பலகை வெளிச்சம் எல்லாம் வரும். அதனால் தொலைநோக்கி வாங்குவதற்கு முன்பே விளக்குகளைச் சரிசெய்துவிடுங்கள்.

இருட்டியபின் வளாகத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு வெளிவிளக்கையும் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பல்பு நேராகக் கண்ணில் குத்தினால் மூடி போதாது என்று அர்த்தம். ஒளி கீழே மட்டும் விழ வேண்டும். நல்ல மூடி இருந்தும் விளக்கைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து மாட்டிக் கெடுப்பதுதான் அடிக்கடி காணும் தவறு. ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் குறிப்பார்கள்; எண் கூடினால் நீலம் கூடும். அது 3000 கெல்வினைத் தாண்டக் கூடாது. 2200 கெல்வின் மஞ்சள் விளக்கு இன்னும் நல்லது. நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும்: 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறும். வாட்டைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். 9 வாட் எல்இடி பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு ஒளி தரும். நடைபாதைக்கு அது மிக அதிகம்.

*

வாகனங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு ஹெட்லைட் அத்தனையையும் வீணாக்கிவிடும். பார்க்கும் இடத்துக்கு முதுகு காட்டி, வெளியேறும் பாதையை நோக்கி வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். அப்போது ரிவர்ஸ் விளக்குக்கு வேலையே இல்லை. கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கையும் முன்னதாகவே அணைத்துவிட வேண்டும், இதை எல்லோரும் மறப்பார்கள்.

டார்ச்சில் சிவப்புத் தாள் ஒரு சுற்று ஒட்டினால் வெள்ளை ஒளியும் கசியும். மூன்று நான்கு மடிப்பு போட்டு, வரைபடத்தை மட்டுமட்டாகப் படிக்க முடிகிற அளவுக்கு மங்கலாக்குங்கள். சிவப்பே ஆனாலும் பிரகாசமாக இருந்தால் கண் பழக்கம் கெடும்.

*

லடாக்கின் ஹன்லேயைக் கவனியுங்கள். 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. அங்குள்ள கிராமத்தவருக்கே பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். தன் வீட்டுச் சன்னலுக்குத் திரை போட வேண்டியவரும் வானத்தைக் காட்டிச் சம்பாதிப்பவரும் ஒரே ஆள். என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் உயிரே அதுதான். வருமானம் முழுக்க வெளியூர் நிறுவனத்துக்குப் போனால், தெருவிளக்குக்கு மூடி போடச் சொல்லும்போது ஊரில் யாருக்குமே அக்கறை இருக்காது.

பலன் இருக்கிறதா என்று தெரிய வானின் ஒளிர்வை அளக்கும் கருவி ஒன்று போதும். நிலா அடிவானத்துக்குக் கீழே இருக்க வேண்டும், சூரியன் 18 டிகிரி இறங்கியிருக்க வேண்டும், பால்வீதி உச்சியில் இருக்கக் கூடாது. கருவியை நேர் மேலே பிடித்து, முதல் அளவை விட்டுவிட்டு அடுத்த நான்கைந்தின் சராசரியை எழுதுங்கள். எண் கூடினால் இருட்டு அதிகம். இது மடக்கை அளவு, அதனால் எண்ணில் சிறு மாற்றமும் ஒளியில் பெரிய மாற்றம். ஒரே இரவை நம்ப வேண்டாம். காற்றுமண்டலத்தின் இயற்கை ஒளிர்வு கூடிக் குறையும். ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் பல இரவு அளந்து ஒப்பிடுங்கள். 21.6 இருந்தது 21.3 ஆகி அப்படியே நின்றுவிட்டால், வானம் 30 சதவீதத்துக்கும் மேல் வெளுத்துவிட்டது என்று பொருள். அன்றிரவே கிளம்பிப் போய், புதிதாக எரியும் விளக்கு எது என்று தேடுங்கள்.