களத்தில் ஒரு ராணுவ யூனிட்டின் கட்டுப்பாடு எதில் தெரியும்? பார்த்ததைச் சொல்லுங்கள்

மலைக்காவல்:
மழையில் ரோந்து முடிந்து திரும்பிய ஒரு பிளட்டூன் (முப்பது பேர் அளவிலான படைப்பிரிவு). அத்தனை பேருக்கும் கால் தள்ளாடுகிறது. நிற்கச் சொல்லிக் கை காட்டியதும் ஒருவர்கூட மரத்தில் சாயவில்லை. வட்டமாகப் படுத்தார்கள், முகம் வெளிப்பக்கம். சில நிமிஷம் காதைத் தீட்டிக் கேட்ட பிறகே அசைந்தார்கள். ஜோடியில் ஒருவர் காவல் பார்க்க, மற்றவர் ஒரே ஒரு பூட்ஸைக் கழற்றினார். விரல் இடுக்கைத் துடைத்து, பவுடர் போட்டு, பாலிதீன் பையிலிருந்த காய்ந்த சாக்ஸை மாட்டி, லேஸ் கட்டிய பிறகுதான் அடுத்த கால். ஈர சாக்ஸ் உடம்புச் சூட்டில் காயட்டும் என்று சட்டைக்குள் போனது. செக்‌ஷன் கமாண்டர் (பிளட்டூனுக்குள் ஒரு சிறு குழுவின் தலைவர்) எல்லோர் காலையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் தன் பூட்ஸில் கை வைத்தார். துப்பாக்கி சுத்தம் செய்ததும் இதே வரிசையில்தான். எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி) பிரிந்து கிடந்தபோது பக்கத்து ரைஃபிள்கள் தயாராக இருந்தன.

பழைய பர்மா:
மலைக்காவல் சொன்னது கமாண்டர் கண்முன் நடந்தது. அவர் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டாம் உலகப் போரில், 1943-ல் பர்மா முனையில் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு 120 பேர் நோயால் வெளியேறினார்கள். மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை இருந்தது. ஆண்மை போய்விடும் என்ற வதந்தியால் பலர் விழுங்கவில்லை. அங்கே போரிட்ட பிரிட்டிஷ் 14-வது ராணுவத்தின் தளபதி ஸ்லிம் சொல்லாமல் கொள்ளாமல் முழு யூனிட்டையும் சோதிக்க வைத்தார். மாத்திரை எடுத்தவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கமாண்டிங் ஆபீசருக்குப் பதவி போகும். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். பொழுது சாயுமுன் சட்டைக் கையை இறக்கிவிடுவதும் அங்கே கட்டளைதான்.

இரவுப்பாரா:
இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான், சண்டை வேண்டாம். நான் பார்ப்பது சென்ட்ரி (காவல் நிற்பவர்) மாறும் விதம். நல்ல கம்பெனியில் (சில பிளட்டூன்கள் சேர்ந்த படைப்பிரிவு) ஒரு முனையில் நிற்கும் இரண்டு சென்ட்ரிகளும் ஒரே சமயத்தில் மாற மாட்டார்கள். ஒருவர் மாறி ஒரு மணி நேரம் கழித்தே அடுத்தவர். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது பிடிக்கும். இருவரும் சேர்ந்து மாறினால் அதுவரை அந்த முனை குருடுதான். புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்குச் சொல்கிறேன்: மாற்ற வருபவரை முழு வெளிச்சத்தில் எழுப்பாதீர்கள், தோளைத் தொட்டு எழுப்புங்கள். டார்ச் தேவைப்பட்டால் சிவப்புக் கண்ணாடி போட்டு, கையால் மறைத்துப் பிடியுங்கள். எல்.எம்.ஜி. எந்தத் திசையில், எந்த எல்லை வரை சுட வேண்டும் என்று முளைக்குச்சி அடித்துவிட்டால் இருட்டில் கையே கண்டுபிடிக்கும். வெளியே போயிருக்கும் ரோந்து எப்போது, எந்த வழியாகத் திரும்பும் என்பதைப் புது சென்ட்ரியின் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இதை விட்டால்தான் சொந்த ஆட்கள் மேலேயே குண்டு பாயும்.

பனிமுகடு:
சாக்ஸ் விஷயத்தில் ஒன்று சேர்க்கணும். உறைபனியில் பூட்ஸின் உள்லைனரையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துப் படுக்க வேண்டும். வெளியே விட்டால் வியர்வை ஈரம் உறைந்து காலையில் கல்லாக இருக்கும், கால் நுழையாது.