சுப்பிரமணிய சிவா பேச்சுக்கு எங்கள் படிப்பகத்தில் கல் வைக்கிறோம்: வாசகம் சொல்லுங்கள்

கொழுந்துக்காரி (கோத்தகிரி):
வணக்கம். தேயிலை எஸ்டேட் லைனை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையை, ஒட்டி எங்கள் படிப்பகம் இருக்கிறது. நான் கொழுந்து பறிக்கிறவள்; சாயங்காலம் படிப்பகத்தைத் திறப்பதும் நான்தான். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் என்ற நூற்பாலையின் தொழிலாளர்களிடம் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் பேசினார்களே, அதற்கு வாசல் சுவரில் ஒரு கல் பதிக்கப் போகிறோம். மலையில் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வார லீவுகூட இல்லாமல் உழைத்தவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பிப்ரவரி 27-ல் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கிவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிள்ளைக்குத் தலை பின்னிவிடுகிற எங்களுக்கு இது அடுத்தவர் கதையா?

கமிட்டி எழுதியிருக்கும் வாசகம்: "விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா உரையாற்றியதன் நினைவாக." அவ்வளவுதான். கீழே திறந்து வைப்பவர் பெயர், கமிட்டிக்காரர்கள் எல்லார் பெயரும். யாரிடம் பேசினார், பிறகு என்ன ஆனது, ஒரு வரி இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. கேட்டால் கல்லில் இடம் இல்லையாம்.

கல் வேலை (குன்னூர்):
இடம் தாராளமாக இருக்கிறது அக்கா. இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கல்லில் ஒரு அங்குல எழுத்து போட்டால் ஏழெட்டு வரி வரும். பெயர்ப் பட்டியல்தான் இடத்தை அடைக்கிறது. மார்பிள் வேண்டாம், நம்ம ஊர் பனிக்கும் மழைக்கும் சீக்கிரமே பாசி ஏறிக் கறுத்துவிடும். கறுப்பு கிரானைட்டில் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், பெயிண்ட் போனாலும் எழுத்து நிற்கும். வெட்டுமுன் தாளில் ஒவ்வொரு ஒற்றுக்கும் புள்ளி இருக்கிறதா பாருங்கள். விட்டுப்போன புள்ளியைப் பிறகு வைக்கலாம், தப்பாக வெட்டிய எழுத்தை ஒன்றும் செய்ய முடியாது.

முத்துநகர்ப் பேரன் (ஊட்டி):
இந்த வரியைப் படிக்கிறவர்கள் சிவா கோத்தகிரிக்கு வந்து பேசினார் என்றுதான் நினைப்பார்கள். ஊரும் வருஷமும் முதல் வரியிலேயே வரட்டும். வ.உ.சி. பெயரையும் விட்டுவிடாதீர்கள். மார்ச் 12-ல் இருவரையும் கைது செய்தார்கள்; மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். சிவாவுக்கு 10 வருஷத் தண்டனை. வ.உ.சி.க்கு அவர் பேசியதற்கு 20, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20. மேல்முறையீட்டில்தான் ஆறாகக் குறைந்தது. சிவா சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வந்தார். நோயைக் காட்டி ரயிலில் ஏறத் தடை போட்டார்கள். அந்தப் புண்ணோடு ஊர் ஊராக நடந்துபோய்ப் பேசினார் அந்த மனிதர். 1925-ல் பாப்பாரப்பட்டியில் காலமானார். வெறும் "உரையாற்றினார்" என்றால் இதெல்லாம் எங்கே போகும்?

கொழுந்துக்காரி (கோத்தகிரி):
ரெண்டு பேருக்கும் நன்றி. ரயில் விஷயத்தை லைனில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், என் மாமியார் அழுதுவிட்டார். இப்படி எழுதியிருக்கிறேன்:

"தூத்துக்குடி, 1908 பிப்ரவரி.
கோரல் மில் தொழிலாளர்களிடம்
சுப்பிரமணிய சிவாவும்
வ.உ.சிதம்பரனாரும் பேசினார்கள்.
தொழிலாளர்கள் வேலையை நிறுத்திக்
கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றார்கள்.
பேசியவர்கள் சிறை சென்றார்கள்."

கமிட்டிப் பெயர்களை வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று கேட்கப் போகிறேன். தம்பி, ஆறாவது வரி நீளமாக இருக்கிறதே, ஒரு அங்குல எழுத்தில் அடங்குமா, இல்லை உடைக்கட்டுமா?